வடக்கில்லாத பலகை

வடக்கு என்று கூப்பிட்டால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் போலீஸ்காரர்கள் மட்டும்தான், அவர்கள் கூப்பிட்ட தடவைகளும் கொஞ்சநஞ்சமல்ல. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடைகள் வரிசையாக இருந்த கட்டடத்தில், மாடிப்படியை ஒட்டிய கடை அவருடையது. அதன் ஷட்டரில் ஒரு பள்ளம் உண்டு. யாருடைய தலை பட்ட பள்ளம் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தால் ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள்.

அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் மதர்போர்டு என்பது கொசகொசவென்று சில்லறைச் சிப்புகள் அப்பிய பலகை. நேரத்துக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று, மெமரிக்கு ஒன்று என்று ஊர்ப்பட்ட சிப்புகள். கோளாறு எதில் என்று கண்டுபிடிப்பதற்குள் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். பிறகு கம்பெனிக்காரர்கள் அத்தனையையும் வாரிச் சுருட்டி இரண்டே பெரிய சிப்புகளுக்குள் அடைத்தார்கள். ப்ராசஸருக்குப் பக்கத்தில் மேலே இருப்பது வடக்குப் பாலம். மெமரியும் திரையில் தெரியும் படமும் அதன் வழியாகத்தான் ப்ராசஸரிடம் பேசும், எந்நேரமும் கொதிக்கும். கீழே இருப்பது தெற்குப் பாலம். டிஸ்க், கீபோர்டு, பிரிண்டர் என்று வயர் வால் உள்ள சாமான்களை எல்லாம் அது மேய்க்கும்.

கடையிலும் வேலையை அப்படியே பிரித்துக்கொண்டார்கள். மேல் சிப்பைச் சூடுகாட்டிப் பெயர்த்து மறுபடி ஒட்டுவது இவர் வேலை. கீழ்ச் சிப்பும் வால்களும் தங்கச்சி புருஷன் பொறுப்பு. அதனால் அவர் தெற்கு. தெற்கு பேசவே யோசிக்கிற மனிதர், வாயில் ஈ புகுந்தால்கூட அனுமதி கேட்டுத்தான் துப்புவார். சூடான சிப்புக்குச் சூடான ஆள், ஆறின சிப்புக்கு ஆறின ஆள் என்று கட்டடமே சொல்லிச் சிரித்தது.

வடக்கின் சூடு எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொன்னால் போதும். ஒரு தலைமுறை பழைய சிப்பின் முகத்தைச் சுரண்டி, மேலே புதுச் சிப்பின் எண்ணை அச்சடித்து விற்றான் ஒரு வியாபாரி. அதை ஒட்டிய பலகை புகைந்து போனது. வடக்கு அவனை இழுத்து வந்து, பலகைகளைச் சூடேற்றும் தட்டின் மேல் அவன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். "உன் விரல்ல இருக்குற அச்சு அழியுதான்னு பாப்போம்" என்றார். அழிந்தது. அந்தத் தீய்ந்த வாடை அன்று முழுக்கக் கடையை விட்டுப் போகவில்லை. பில் போடும் மேஜையில் உட்கார்ந்திருந்த தங்கச்சி ஓடிப்போய் வாந்தியெடுத்தாள்.

அவரை அடிக்க ஆளில்லை என்றிருந்தபோது கம்பெனிக்காரர்கள் அடித்தார்கள். ஒரு தலைமுறை ப்ராசஸர் வந்தது, மெமரியோடு பேசும் வேலையைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. அடுத்தது வந்தது, ப்ராசஸரின் அடியில் இருந்த ஊசிக் கால்கள் பலகைக்கு இடம் மாறின. ப்ராசஸர் உட்காரும் சாக்கெட் மாறிக்கொண்டே இருந்தது, பழையது புதியதில் உட்காராது, புதியது பழையதில் உட்காராது. அதற்கும் அடுத்ததில் திரையில் படம் காட்டும் வேலையும் உள்ளே போனது. கடைசியில் ஒரு பலகையைப் பிரித்துப் பார்த்தால் வடக்குப் பாலம் இருந்த இடத்தில் வெறும் தகடு. தெற்கு மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது.

"என்ன வடக்கு, உங்களை ப்ராசஸர் முழுங்கிடுச்சாமே?" என்று எதிர்க்கடைக்காரர் கேட்டார். கேட்ட வாயில் இரண்டு பல் குறைந்தது.

வேலைக்கு ஒன்றும் பஞ்சமில்லை. மிஞ்சிய ஒற்றைச் சிப்பையும் சூடுகாட்டித்தானே ஒட்ட வேண்டும்? ஆனால் தன் பெயர் பலகையில் இல்லாமல் போனதை மனுஷனால் தாங்க முடியவில்லை. அதுவரை எட்டிக்கூடப் பார்க்காத வால் வேலைகளில் மூக்கை நுழைக்க ஆரம்பித்தார். தெற்கு எது சொன்னாலும் குறுக்கே விழுந்தார். வினை அங்கேதான் பிடித்தது.

தகட்டை அழுத்தி டப்பா மூடி செய்யும் ஒரு பட்டறையிலிருந்து வேலை வந்தது. காற்றழுத்தத்தில் இறங்கும் பிரஸ் மிஷின். அதற்கு உத்தரவு கொடுப்பது பழைய கம்ப்யூட்டர். பிரிண்டர் செருகும் துளையில் வோல்டேஜ் ஏறினால் தகட்டை நசுக்கும் இரும்பு அச்சு தடாலென்று இறங்கும். பலகை செத்துவிட்டது, அந்தத் தலைமுறைப் பலகை எங்கும் கிடைக்கவில்லை. வடக்கு ஒரு புதுத் தலைமுறைப் பலகையைப் போட்டு, பிரிண்டர் துளையில் மிஷினுக்குப் பதிலாக ஒரு சின்ன விளக்கை மாட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டும் விளக்கு ஒரு தடவைகூடத் தப்பாக மின்னவில்லை.

"மச்சான், அப்படியே கொடுத்துட வேண்டாம்" என்றார் தெற்கு. "பழைய சிப்பு எழும்போது துளையில வோல்டேஜ் ஏறாம அமுக்கிப் பிடிச்சுக்கும். இது எப்படி எழும்னு நமக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் முழுசா எழுந்தப்புறம் சிக்னல் போற மாதிரி நடுவுல ஒரு ரிலே சுவிட்ச் வெச்சுடலாம்."

"அதான் பாத்தாச்சே. ஒரு தடவையாவது மின்னுச்சா?"

"இல்ல. ஆனாலும்..."

"ஆனாலும் என்ன ஆனாலும்? போர்டு நான் போட்டது."

"வால் உள்ளது என் பொறுப்பு மச்சான்."

வடக்கு அறைந்தார். தெற்கின் மூக்குக் கண்ணாடி பறந்துபோய்ச் சுவரில் மோதி உடைந்தது. தங்கச்சி எழுந்து வந்து கண்ணாடியைப் பொறுக்கினாள். பலகை அப்படியே பட்டறைக்குப் போனது.

மாதம் திரும்புவதற்குள் நாலு பேர் இரும்புக் குழாய்களோடு மாடியேறி வந்தார்கள். பிரஸ் மிஷின் ஓட்டும் பையனுக்கு வலது கை மணிக்கட்டுவரை போய்விட்டது. முன்னால் வந்தவர் அவனுடைய அண்ணன், லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். வால் வேலைக்கு யார் பொறுப்பு என்பது வாடிக்கையாளர்களுக்கெல்லாம் தெரியுமாதலால் நேராகத் தெற்கிடம் போனார்கள். முதல் அடி தோளில், இரண்டாவது காதோரத்தில், புதுக் கண்ணாடியும் தெறித்துப் போனது. தெற்கு மேஜைக்கடியில் சரிந்தார். காதிலிருந்து ரத்தம் சட்டைக்குள் இறங்கியது.

டீ வாங்கப் போயிருந்த வடக்கு அப்போதுதான் படியேறினார். டீ ஒருத்தன் முகத்தில் போனது. கைக்குக் கிடைத்த பவர் சப்ளை பெட்டியை வீசியதில் இன்னொருத்தன் தாடை கோணிக்கொண்டது. மூன்றாமவனை ஷட்டர்ப் பள்ளத்தில் வைத்து மோதினார், பள்ளத்துக்கு இன்னொரு சொந்தக்காரன் கிடைத்தான். லாரிக்காரர் மட்டும் குழாயைத் தெற்கின் தலைக்கு மேல் ஓங்கியபடி நின்றார்.

"எங்க போர்டு யார் கையையும் நசுக்காது" என்று வடக்கு கத்தினார். "வாய்யா பட்டறைக்கு. மிஷின் முன்னாடியே காட்டுறேன்."

தங்கச்சி அவர் சட்டையைப் பிடித்தாள். "அண்ணே, உன் வீம்புக்குத்தான் இவர் அடி வாங்குறார். இவர் உயிரோட திரும்பலன்னா எனக்கு அண்ணனே கிடையாது."

தெற்கையும் இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார்கள். அங்கே பிரஸ்ஸுக்கடியில் மணல் போட்டிருந்தார்கள். மணல் கறுத்திருந்தது. வடக்கு கம்ப்யூட்டரை அணைத்தார், போட்டார். மறுபடி அணைத்தார், போட்டார். அச்சு மேலேயே நின்றது, ஒரு மயிரிழை அசையவில்லை. லாரிக்காரரின் குழாய் மெல்லத் தாழ்ந்தது. தெற்கைப் பிடித்திருந்த கைகளும் தளர்ந்தன. இப்படியே கும்பிடு போட்டுவிட்டு வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்றார் பட்டறை முதலாளி. "போதையில கையை விட்டிருப்பான். இனி அவன் இந்தப் பக்கமே வர வேண்டாம்."

"என் தம்பி குடிக்க மாட்டான்" என்றார் லாரிக்காரர். "கரண்ட் போச்சாம். சிக்கியிருந்த தகட்டை எடுக்கக் கையை விட்டானாம். கரண்ட் வந்துச்சாம். அதுக்கு மேல அவனுக்கு ஒண்ணும் தெரியல."

வடக்கு சுவரிலிருந்த பிளக்கைப் பார்த்தார். கரண்ட் போயிருக்கிறது. கடையில் பொத்தானை அழுத்தித்தான் அணைத்தார்கள், இங்கேயும் இப்போது அப்படித்தான் அணைத்தார். பிளக் செருகியிருக்கும்வரை பலகையில் கொஞ்சம் உயிர் ஓடிக்கொண்டே இருக்கும், சிப்பு அரைத்தூக்கத்தில் துளையைப் பிடித்துக்கொண்டிருக்கும். அடியோடு செத்துப் பிழைக்கும்போது அது என்ன செய்யும் என்று அவர் பார்க்கவே இல்லை. தெற்கை நிமிர்ந்து பார்த்தார். தெற்குக்கும் அதே நொடியில் புரிந்துவிட்டது. ரத்தம் காய்ந்த தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் விட்டுடுங்க என்று.

"கை போனா எவனும் கதைதான் கட்டுவான்" என்று முதலாளி சிரித்தார்.

வடக்கு அந்தச் சிரிப்பின் மேலேயே ஒன்று விட்டார். முதலாளி தகடுகளின் மேல் மல்லாந்து விழுந்தார். பிறகு வடக்கு சுவரிலிருந்து கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினார். பலகையில் இருந்த குட்டிப் பச்சை விளக்கு மங்கி அணையும்வரை காத்திருந்தார். லாரிக்காரர் கையிலிருந்த குழாயை வாங்கி அச்சுக்கடியில் குறுக்கே வைத்தார். பிளக்கைச் செருகினார்.

ஃபேன் சுழன்றது. தடாலென்று அச்சு விழுந்தது. தரை அதிர்ந்தது. குழாய் நடுவில் அப்பளமாகிக் கிடந்தது.

"யார் செஞ்ச வேலை இது?" லாரிக்காரர் தெற்கைத்தான் கேட்டார்.

"நான்தான்..." என்று தெற்கு ஆரம்பித்தார்.

"வாயை மூடு மாப்ள" என்றார் வடக்கு. "ரிலே போடணும்னு இவன் தலையால அடிச்சுக்கிட்டான். இவனை அறைஞ்சு வாயை அடைச்சது நான். உன் தம்பி கையை எடுத்தது நான்தான்யா."

அவர்கள் அவரை அடித்தார்கள். அடி என்றால் அப்படி ஒரு அடி. வாழ்நாளில் முதல் தடவையாக வடக்கு கையை ஓங்கவில்லை. விலாவில் மிதித்தபோது முனகினார். முழங்காலில் போட்டபோது விழுந்தார். கடைசியில் அவரே வலது கையை மிஷின் மேடையின் விளிம்பில் நீட்டி வைத்தார். லாரிக்காரர் அழுதுகொண்டே அந்த நசுங்கிய குழாயால் அடித்தார். சூடுகாட்டி வாழ்ந்த விரல்கள் முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

தெற்கு ஓடிவந்து தூக்கப் பார்த்தார். வடக்கு இடது கையால் அவரைத் தள்ளிவிட்டார்.

"என்னை விடு மாப்ள. நாளைக்கு இதுல வேற ஒருத்தன் கையை விடுவான். அந்த ரிலேயைப் போடு முதல்ல."

கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பட்டறையின் பழைய சாமான்களில் தேடி எடுத்த ஒரு ரிலேயைத் தெற்கு மாட்டினார். முடித்ததும் லாரிக்காரர் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இப்ப மட்டும் உங்களை எப்படி நம்புறது?"

தெற்கு தன் வலது கையை அச்சுக்கடியில், மணலுக்கு மேலே இருந்த அந்த மேடையில் விரித்து வைத்தார். பச்சை விளக்கு மங்கி அணைந்தது. லாரிக்காரருக்கே பயம் வந்துவிட்டது. பிளக்கைப் பிடித்தபடி தரையில் கிடந்த வடக்கைப் பார்த்தார்.

வடக்குக்கு ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. இன்னொரு கண்ணால் தங்கச்சி புருஷனின் கையைப் பார்த்தார். பலகையில் தன் பெயர் போனதிலிருந்து, தான் தொட்டுச் சோதிக்காமல் தெற்கின் வேலை எதையும் அவர் வெளியே விட்டதில்லை.

"செருகுய்யா" என்றார். "என் மாப்ள போட்ட ரிலே அது."

லாரிக்காரர் செருகினார். ஃபேன் சுழன்றது. அச்சு மேலேயே நின்றது.