கொலர் இல்லாத லென்ஸ்

கண்டி நகரில் கெமரா திருத்தும் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் இப்ஹாம். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். நீளமான லென்ஸ் ஒன்றை மேசையில் வைத்து, அதன் கழுத்தில் பூட்டியிருக்கும் வளையத்தைக் காட்டி, "இது கட்டாயம் வேணுமா நானா?" என்பார்கள். முஸ்லிம் ஆட்களை இங்கே நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வளையத்துக்கு ட்ரைபொட் கொலர் என்று பெயர். கெமராவை மட்டும் ட்ரைபொடில் பூட்டினால் லென்ஸின் பாரம் முழுவதும் முன்னால் தொங்கும். கொலரைப் பூட்டினால் பாரம் நடுவில் நிற்கும். விஷயம் அவ்வளவுதான். இதைச் சொன்னாலும் யார் கேட்கிறார்கள்? யூடியூபில் எவனோ சொன்னதை எனக்கே திருப்பிப் பாடம் எடுப்பார்கள். எனக்கு எரிச்சல் வரும். போன வருஷத்திலிருந்து எரிச்சலோடு வேறொன்றும் சேர்ந்து வருகிறது. அது படம் எடுக்கிற சுவக்கினால்.

சுவக்கின் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. பழைய லென்ஸ் ஒன்றை நான்தான் அவருக்குத் தேடிக் கொடுத்தேன். ஒன்றரைக் கிலோ இருக்கும். ஒரு வாரம் கழித்து, கழற்றிய கொலரோடு வந்து நின்றார்.

"உள்ளங்கையில குத்துது நானா. இந்தச் சனியன நீங்களே வச்சிக்கங்க."

"அப்ப ட்ரைபொட்ல போடக்குள்ள என்ன செய்வீங்க?"

"எனக்குக் கை இல்லையா?"

பிறகு பேராதனையில் படிப்பிக்கிற, குருவி படம் எடுக்கிற ஒருவர் அதே அளவில் கொலர் தேடி வந்தார். சுவக்கினிடம் கேட்டேன். தாராளமாகக் கொடுங்கள் என்றார். கொடுத்துவிட்டேன்.

சுவக்கின் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதில் பஸ் ஏறிக் கண்டிக்கு வந்து ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்தார். படம் கழுவினார், பிறகு எடுத்தார், ஸ்டூடியோ மூடிய பிறகு தனியாக எடுத்தார். பியட்றிஸைக் கட்டினார். பியட்றிஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்தவர். மஹய்யாவயில் அறுபது படி ஏறிப் போகும் இரண்டு அறை வீடு. ஒரே மகள் ஷெரோன். சுவக்கினுக்கு வாய் கிடையாது. வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பியட்றிஸ்தான் பேசுவார். போனில்கூட மனைவிதான் மகளோடு கதைப்பார், இவர் பக்கத்தில் இருந்து சிரிப்பார்.

இப்போது கல்யாண வீட்டுக்காரர்கள் ட்ரோன் கேட்கிறார்கள். செத்த வீட்டில் யாரும் ட்ரோன் கேட்பதில்லை. ஆகவே செத்த வீடுகள் சுவக்கினுக்கு வந்தன. பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று எடுக்கிற படம் எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் ஏதாவது ஒரு அல்பத்தில் கட்டாயம் இருக்கும். அதை ஆட்டம் அசைவில்லாமல் எடுப்பார் என்று பெயர் வாங்கியிருந்தார். கொரோனாவுக்குப் பிறகு லைவ் வந்தது. குவைத்திலும் இத்தாலியிலும் இருக்கிற பிள்ளைகள் தாய் தகப்பனைக் கடைசியாகப் பார்ப்பது சுவக்கினின் கெமராவால்தான். தேவாலயத்தின் பின்பக்க மேல்மாடத்தில் ட்ரைபொடை நிறுத்தி, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, முழுப் பூசைக்கும் இடது உள்ளங்கையை லென்ஸுக்கு அடியில் கொடுத்திருப்பார். அங்கிருந்து பார்த்தால் பீடத்துக்கு முன்னால் வைத்த பெட்டி மேலிருந்து தெரியும். முகம் கிட்டத்தில் தெரியும். நாலைந்து வருஷம் அப்படியே செய்தார். ஒருநாளும் லென்ஸ் அசைந்ததில்லை. கொலர் தேவையில்லை என்று அவர் நம்பியதில் என்ன பிழை?

பியட்றிஸ் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மரக்கறிப் பையோடு படி ஏறும்போது களைத்துப்போய் ஒரு படியில் உட்கார்ந்தார். எழும்பவில்லை. ஐம்பத்தைந்து வயது.

சுவக்கின் எனக்குப் போன் எடுத்தார். "நானா, பியட்றிஸ் போயிட்டா. வியாழக்கிழமை மூணு மணிக்குப் பூசை. லைவுக்கு எனக்கு நீட்டு எச்டிஎம்ஐ வயர் ஒண்ணு வேணும்."

எத்தனை மீற்றர் என்று கேட்டேன்.

ஷெரோன் இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தாள். விசாக் கடதாசியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தாள். அது கைக்கு வருமுன் வெளியேறினால் திரும்பிப் போக முடியாது. வர வேண்டாம் என்று எல்லாரும் சொன்னார்கள். வீட்டுப் படி ஒடுக்கம், மழை வேறு, பெட்டியை ஏற்ற வழியில்லை. உடலைப் பதப்படுத்தி வைத்திருந்த மலர்ச்சாலையிலிருந்து நேரே தேவாலயத்துக்குக் கொண்டு போவதென்று முடிவானது. பூசை முடிந்ததும் ஃபாதர் ஐந்து நிமிஷம் பெட்டியைத் திறக்க விடுவார். அந்த ஐந்து நிமிஷம்தான் ஷெரோனுக்கு. படம் எடுத்து அனுப்ப வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அந்த நேரத்தில், எல்லாரோடும் சேர்ந்து, அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றாள்.

வியாழக்கிழமை நான் வயரோடு நேரத்துக்கே போனேன். சுவக்கின் வெள்ளைச் சட்டையில் மேல்மாடத்தில் நின்றார். கீழே, பெட்டி வைக்கிற இடத்தில், பியட்றிஸின் தம்பி றொட்னியை நிற்கச் சொல்லி, முகம் வரும் இடத்துக்கு லென்ஸைத் திருப்பிப் பூட்டினார். நான் வயரைக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

றொட்னி மேலே பார்த்துக் கேட்டான். "அத்தான், நான் வேணும்னா மேல நிக்கவா?"

"வேணாம். நீ பெட்டி தூக்கணும். அது நிக்கும்."

ஐந்து நிமிஷம் லென்ஸிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். நின்றது. இறங்கி வந்து முன்வரிசைப் பெஞ்சில், முதல் வாங்கில், உட்கார்ந்தார்.

நான் கடைசி வாங்கின் ஓரத்தில் இருந்தேன். பூசையில் எப்போது எழும்புவது, எப்போது இருப்பது என்று எனக்குத் தெரியாது. முன்னால் இருப்பவரைப் பார்த்துச் செய்துகொண்டிருந்தேன். வாசகம் வாசிக்கும்போது தற்செயலாகத் திரும்பி மேலே பார்த்தேன். மேல்மாடக் கம்பிக்கு மேலால் லென்ஸின் வாய் தெரிந்தது. வந்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் குனிந்திருந்தது. எனக்கு விளங்கியது. முப்பது வருஷமாக இதுதானே தொழில், விளங்காமல் இருக்குமா? பாரம் முன்னுக்கு இழுக்கிறது, பூட்டு மெல்ல வழுக்குகிறது, இனி நிற்காது.

படிக்கட்டு எனக்கு நாலடி தூரத்தில் இருந்தது. மரப்படி. ஏறினால் கிறீச்சிடும். ஒரு முஸ்லிம் மனிதன் பூசை நடுவில் தேவாலய மாடிக்கு ஏறினால் முழுச் சனமும் திரும்பிப் பார்க்கும். பிறகு போகலாம், எல்லாரும் பாடும்போது போகலாம் என்று இருந்தேன். பாடினார்கள். போகவில்லை. வெட்கம். அவ்வளவுதான்.

பெட்டியைத் திறந்தார்கள். வரிசையாகப் போய்ப் பார்த்தார்கள். ஒருவரும் போனை நீட்டவில்லை. சுவக்கினின் கெமரா மேலே இருக்கும்போது யார் நீட்டுவார்? பெட்டி திறந்ததுமே எழும்பி ஓரமாக நின்ற சுவக்கின் கடைசியாகப் போனார். பார்த்தார். திரும்பினார். அழவில்லை. மூடினார்கள். மயானத்துக்கு நடந்தோம். றொட்னி சாமான்களைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டான்.

மயானத்திலிருந்து வந்துதான் சுவக்கின் தன் போனைத் திறந்திருக்கிறார். ஷெரோனிடமிருந்து பதினொரு செய்திகள். பதினொன்றும் அழிக்கப்பட்டிருந்தன. போன் எடுத்து, "பாத்தியாம்மா?" என்று கேட்டார். "பாத்தேன்ப்பா. வடிவா தெரிஞ்சுது. நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள். அவர் அந்தப் பதினொன்றைப் பற்றிக் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுநாள் லெப்டொப்போடு கடைக்கு வந்தார். மெலிந்திருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது.

"லைவ் பதிவாகியிருக்கு நானா. நான் இன்னும் பாக்கல. நீங்க கூட இருங்க."

கடைக் கதவைச் சாத்தினேன். ஓட விட்டார். முதலில் மூடிய பெட்டியின் தலைமாடு, பூ, நடுவில் சிலுவை. சரியான இடம். பத்தாவது நிமிஷம் சிலுவை மேலே போக ஆரம்பித்தது. பிறகு பூ. பிறகு பெட்டியின் கால்மாடு. பிறகு வெறும் தரை. இருபதாவது நிமிஷத்தில், மேல்மாடக் கம்பியில் தட்டுப்பட்டதுபோல, லென்ஸ் முதல் வாங்கில் வந்து நின்றது. ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகும் நரைத்த பிடரியும். அதற்குப் பிறகு அதுதான். பாட்டுக் கேட்டது, ஃபாதரின் குரல் கேட்டது. படத்தில் முதுகு மட்டும். பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது, பெண்கள் அழுதார்கள். அந்த முதுகு எழும்பிப் போனது. வெறும் வாங்கு. ஐந்து நிமிஷமும் வெறும் வாங்கு.

சுவக்கின் லெப்டொப்பை மூடினார். போனை எடுத்து ஷெரோனை அழைத்து மேசையில் வைத்தார்.

"நீ அம்மாவ பாக்கலதானே?"

"இல்லப்பா."

"அன்னைக்கி என்ன எழுதின? பதினொண்ணு?"

"கெமராவ பாருங்கன்னுதான். எல்லாம் அதேதான். நீங்க முன்னுக்கே இருந்தீங்கப்பா. ஒருக்கா திரும்பிப் பாப்பீங்கன்னு உங்க முதுகையே பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க திரும்பவே இல்ல."

"போன் ஓஃப் பண்ணியிருந்தேன்."

"தெரியும்ப்பா."

"திரும்பத்தான் நெனச்சேன்மா. ரெண்டு தரம் நெனச்சேன். பொண்டாட்டி பெட்டியில கெடக்குறா, இவன் இன்னைக்கும் கெமராவ பாக்குறான்னு சனம் சொல்லும்னு இருந்துட்டேன்."

ஷெரோன் அழுதாள். அவர் அழவில்லை. அவள் அழுது முடியும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்கு நேரமாகிறது என்று அவள் வைத்தாள். தேத்தண்ணி சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

லெப்டொப்பைப் பையில் போட்டுக்கொண்டு எழும்பினார். கதவடியில் நின்று கேட்டார். குரலில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை.

"நீங்க கடைசி வாங்குலதானே இருந்தீங்க நானா. மேல பாக்கலையா?"

"இல்ல," என்றேன்.

அவர் தலையாட்டினார்.

"அதுதானே. பாத்திருந்தா நீங்க ஏறிப் போய்ப் பிடிச்சிருப்பீங்க."