பதில் சரி, மொழி தவறு

பயம் இல்லாத வகுப்பில் பாடம் ஏறாது என்பதே என் கொள்கையாக இருந்தது. இங்கே இரக்கம் காட்டினால் நாளைக்கு ஓசூர் கம்பெனிக்காரன் இவர்களை வெளியே துரத்துவான் என்று சக ஆசிரியர்களிடம் சொல்வேன். உண்மையில், நான் உள்ளே நுழைந்ததும் வகுப்பு அடங்கிப்போகும் அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் பொறியியல் கல்லூரியில், மெக்கானிக்கல் இறுதியாண்டில் பர்கூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், பஸ்ஸில் கன்னடம். உலோகம் கடையும் லேத் மெஷினில் அவளைப் போல் வேலை செய்ய அந்த வகுப்பில் ஆளில்லை. செய்முறைத் தேர்வின் வாய்மொழிக் கேள்வியில், கடைசல் உளி ஏன் சீக்கிரம் மழுங்குகிறது என்று கேட்டேன்.

"சூடு ஏறுதுங்க சார். கூலன்ட் தண்ணி முனையில படல."

"இங்கிலீஷ்ல சொல்லு."

"ஹீட்... ஹீட் இஸ் கமிங் சார்."

அவள் குரலிலேயே அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "பதில் சரிதானே சார், விட்டுடுங்க" என்றார். நான் விடவில்லை; ஃபெயில் போட்டேன். அடுத்த முறை தேர்வுக்கு வந்தபோதும் அதே கேள்வி, அதே நிபந்தனை. அவள் வாயே திறக்கவில்லை. மறுபடியும் ஃபெயில்.

அவளுடைய அம்மா கல் குவாரி வேலையை விட்டுவிட்டு வந்து என் அறை வாசலில் நின்றாள். "எம்பொண்ணு என்னா தப்பு பண்ணுச்சுங்க சார்?"

"ஒண்ணும் பண்ணலம்மா. படிக்கல, அவ்வளவுதான்" என்றேன். அதன்பின் அந்தப் பெண் கல்லூரிக்கு வரவேயில்லை.

சில வருடங்கள் கழித்து, மாணவர்களை ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலைக்கு அழைத்துப் போனேன். விளக்கம் சொல்ல மேலாளர் கூப்பிட்ட லைன் ஆபரேட்டர் அவள்தான். ஒருவனுக்குத் தமிழில், இன்னொருவனுக்குத் தெலுங்கில், கர்நாடகத்திலிருந்து வந்தவனுக்குக் கன்னடத்தில் சொன்னாள். என் வகுப்பில் ஒரு செமஸ்டர் முழுக்க வாய் திறக்காதவர்கள் அவளை மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டார்கள்.

"டிகிரி மட்டும் இருந்தா எப்பவோ இன்ஜினியர் ஆக்கியிருப்பேன் சார். ஏதோ ஒரு பேப்பர்ல விட்டுட்டாளாம்" என்றார் மேலாளர். அவள் என்னைப் பார்த்தாள். நான் மெஷினைப் பார்த்தேன்.

கிளம்பும்போது தனியே அவளிடம் போனேன். "அரியர் எழுதிடும்மா. நான் பாத்துக்கிறேன்."

"வருசக் கெடு முடிஞ்சிருச்சுங்க சார்" என்றாள், கோபமே இல்லாமல். "போன வருசமே விசாரிச்சன்." பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு மெஷினுக்குத் திரும்பிவிட்டாள்.

இப்போது என் வாய்மொழித் தேர்வில் யாரும் எந்த மொழியிலும் பதில் சொல்லலாம். சார் நல்லவர், பெருந்தன்மையானவர் என்று மாணவர்கள் பேசிக்கொள்கிறார்கள். நான் அதைத் திருத்துவதில்லை.