பசிபிக் சாரும் ஐப்பசி மழையும்

பெங்களூர் விவேக் நகரில் அந்த மூன்று மாடிக் குடியிருப்புக்கு வந்து அனந்தபத்மநாபன் வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். பசிபிக் சார் வீடு என்று கேட்டால் உடனே இரண்டாவது மாடியைக் காட்டுவார்கள். மனிதர் கர்நாடக அரசின் நீர்ப்பாசனத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், கோபம் வந்தால் ஆங்கிலம். கடற்கரைக்கு எப்போதாவது போனாலும் கால் நனைக்கப் பயப்படுவார். ஆனால் பசிபிக் பெருங்கடலைப் பற்றி வாயைத் திறந்தால் மூடவைக்க ஆள் கிடையாது.

ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகாமல் ஒருநாள் கைப்பேசியில் கடல் வெப்பநிலைப் படம் ஒன்றைப் பார்த்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். தினமும் விடிந்ததும் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் சிவப்பும் நீலமுமாக ஒரு படம் வந்து விழும், கூடவே நீளமாக ஒரு விளக்கம். கடல் ஒன்றுதான், ஆனால் வடக்கே அலாஸ்கா பக்கம் பனி, நடுவே கலையாத மேகம், மேற்கே இந்தோனேசியாவில் கொட்டோ கொட்டென்று மழை, கிழக்கே பெரு நாட்டில் அலை வந்து மோதும் கரையிலேயே பாலைவனம். பெருவின் லிமா நகரமும் பெங்களூரும் பூமத்திய ரேகையிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரம், ஆனால் அங்கே குடைக்கடை வைத்தவன் பட்டினிதான் என்பார்.

ஒரு வருடம் ஜூன் மாதம் குடியிருப்புச் சங்கத்தின் கூட்டத்தில், தலைவர் என்ற முறையில், டபராவில் இருந்த காபியை ஊதிக் காட்டினார். நுரை எதிர்ப்பக்கம் ஒதுங்கியது. "பார்த்தேளா, காத்து இப்படித்தான் வெந்நீரை மேற்கே தள்ளிண்டு போறது. மழையும் அங்கேயே பெய்யறது. இந்த வருஷம் காத்து சோம்பேறி ஆயிடுத்து. வெந்நீர் கிழக்கே திரும்பிப் போறது. இதுக்குப் பேர்தான் எல் நினோ. மழையும் கூடவே போயிடும். நம்ம பக்கம் பொய்க்கும், போர்வெல் வத்தும், டேங்கருக்கு இப்பவே சொல்லி வையுங்கோ."

அப்படியே நடந்தது. ஆகஸ்டில் போர்வெல் காற்றைத்தான் தள்ளியது. முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் இந்தக் கட்டடத்துக்கு மட்டும் டேங்கர் தவறாமல் வந்தது. லிஃப்டில் பார்த்தவர்கள் எல்லாம் கும்பிட்டார்கள். சொன்னது பலித்துவிட்டால் மனிதனுக்கு வருகிற கேடு கொஞ்சநஞ்சமல்ல. அதற்குப் பிறகு அவர் படத்தைக்கூட ஒழுங்காகப் பார்ப்பதில்லை.

கீழே வண்டி நிறுத்தும் இடத்தை ஒட்டி, தெருவைவிடத் தாழ்ந்த ஒரு அறை உண்டு. ஆம்பூரிலிருந்து வந்த சாந்தகுமாரி அங்கே தையல் கடை வைத்திருந்தாள். கல்யாண ரவிக்கைகளுக்கு ஜரிகை வேலை செய்வதில் அவளுக்கு நல்ல பெயர். அந்தப் பெயர்தான் அவளுக்கு இருந்த ஒரே சொத்து. கட்டடத்தின் பின்னால் ஓடும் மோரி, அதாவது சாக்கடைக் கால்வாய், அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் முதலில் நுழைவது அவள் அறைக்குத்தான். அதனால் தசராவுக்கு முன்னால் சங்கம் ஆளை வைத்து மோரியைத் தூர் வாருவது வழக்கம். அந்த வருடம் யாரும் வராததால் அவளே இரண்டாவது மாடிக்கு ஏறி வந்தாள்.

"சார், மோரி ஃபுல்லா அடைச்சிக்கினு இருக்குது. அடுத்த தெரு லாவண்யா கல்யாணத்துக்குப் புடவை, ஜாக்கெட்டு எல்லாம் என்கிட்டதான் இருக்குது. தண்ணி கிண்ணி வந்துட்டா அவ்ளோதான் சார்."

அனந்தபத்மநாபனின் மனைவி கோமளம், "பேசாம அதையெல்லாம் நம்மாத்துல கொண்டுவந்து வையேன். ஐப்பசி வரப்போறதே," என்றாள்.

அவர் சிரித்தார். "பசிபிக் உன் பஞ்சாங்கத்தைப் பார்த்தா நடக்கறது? சாந்தகுமாரி, இது எல் நினோ வருஷம்மா. மேகமெல்லாம் பெரு பக்கம் போயாச்சு. மோரியை ஜனவரியில பார்த்துக்கலாம். நான் சொல்றேன், நிம்மதியாப் போய்த் தை."

"நீங்க சொன்னா சரிதான் சார்," என்று அவள் இறங்கிப் போனாள்.

ஐப்பசி பிறந்து சில நாட்களில், ஒரு பிற்பகலில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சாந்தகுமாரி ஜரிகை வாங்க சிவாஜி நகர் போயிருந்தாள். மழை பிடித்தது. பால்கனியில் நின்ற கோமளம், "ஏன்னா, மோரி ரொம்பிடுத்து. அவ ரூம் சாவிதான் நம்மகிட்ட இருக்கே, போய் அந்தத் துணியையாவது எடுத்து வச்சுட்டு வாங்கோ," என்றாள்.

"சும்மா இரு. இடிமழை இது, பத்து நிமிஷத்துல நின்னுடும்," என்றார் அவர்.

நிற்காது என்று அவருக்கும் தோன்றியது. ஆனால் கீழே இறங்கினால் நாலு பேர் பார்ப்பார்கள். பசிபிக் சார் குடை பிடித்துக்கொண்டு, தான் வராது என்று சொன்ன தண்ணீரில் நடக்கிறார் என்பார்கள். அதை நினைத்து, சாவி ஆணியில் தொங்குவதைப் பார்த்தபடியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோமளம் சாவியை எடுத்துக்கொண்டு முழங்கால் வலியோடு தானே இறங்கினாள். அவள் போய்க் கதவைத் திறந்தபோது உள்ளே தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. முகூர்த்தப் புடவையின் அரக்குச் சிவப்பு எல்லா ரவிக்கைகளிலும் இறங்கியிருந்தது.

மறுநாள் விடிந்ததும் குழுவில் படம் வரவில்லை. அவர் கைப்பேசியை வைத்துக்கொண்டு, ஜூன் மாதம் படித்த அதே பக்கத்தை மறுபடி படித்தார். எல் நினோ ஆண்டில் தென்மேற்குப் பருவமழை மெலியும். அதே ஆண்டில் வடகிழக்குப் பருவமழை, அதாவது ஐப்பசி கார்த்திகை மழை, பல சமயம் வலுக்கும். இரண்டாவது வாக்கியமும் முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. அவர் வேலை பார்த்த துறையில் மழைக்காலம் என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். அதற்குப் பிறகு பெய்வது தமிழ்நாட்டுக்காரர்களின் மழை, அவர் தலைவலி இல்லை. பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிறவர், பெருவில் பெய்யாத மழையை அறிந்தவர், தன் வீட்டு ஐப்பசியை விட்டுவிட்டார்.

எப்படியாவது சாந்தகுமாரியிடம் தன் தப்பைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கீழே இறங்கினார். கதவருகே வந்தபோது சாந்தகுமாரி லாவண்யாவின் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் போட்ட கத்தல் வெளியில் நின்ற இவருக்கே கேட்டது.

"இல்லீங்கம்மா, யார் மேலயும் தப்பு இல்ல. நான்தான் புத்திகெட்டுப்போய்க் கீழ் ஷெல்ஃபுல வச்சிட்டேன். இனிமே யாரும் எனக்குத் துணி குடுக்க வேணாம்னு நீங்க சொல்றதும் நியாயந்தான்."

போனைப் பிடுங்கி, தப்பு என்னுடையது என்று சொல்ல இரண்டடி எடுத்து வைத்தால் போதும். அவர் வைக்கவில்லை. அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பி, அவரைப் பார்த்ததும் ஈரமான முக்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டுவிட்டு, வாளியிலிருந்து ஒரு ரவிக்கையை எடுத்துப் பிழியத் தொடங்கினாள்.

"உக்காருங்க சார். மாமி நேத்து ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாங்க, பாவம். நல்ல வேளை, நீங்களே வந்தீங்க. கொஞ்சத்தையாவது அலசித் தேத்த முடியுமான்னு பாக்குறேன். இன்னிக்கு வெயில் அடிக்குமா சார்? நீங்க சொன்னா மாடியில காயப் போட்டுருவேன்."

அவர் பழக்கத்தில் கைப்பேசியை எடுத்தார். திரையில் சிவப்பும் நீலமுமாகப் பசிபிக் விரிந்து கிடந்தது. அதை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார்.

"தெரியாதும்மா," என்றார். "அன்னிக்கும் எனக்குத் தெரியாது."

சாந்தகுமாரி கையிலிருந்த ரவிக்கையைப் பிழிவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்புறம் ஏன் சார் சொன்னீங்க?"

அவருக்குப் பதில் தெரியும். குனிந்து வாளியில் கிடந்த அடுத்த ரவிக்கையை எடுத்துப் பிழிய ஆரம்பித்தார்.