பாக்கியத்துக்கு வழிவிடாத பதினேழு வண்டிகள்

விடியற்காலையில் மகன் முரளி போன் செய்தபோது நானும் என் வீட்டுக்காரரும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஏகாதசி தரிசன வரிசையில் நின்றிருந்தோம். "அம்மா, மில் ஆன்ட்டி போயிட்டாங்க" என்றான். "எங்கடா போனா? மில்லைத் திறக்கிற நேரமாச்சே" என்று கேட்டேன். "உயிர் போயிடுச்சும்மா" என்று அவன் உடைத்துச் சொன்ன பிறகுதான் புரிந்தது. அன்று பெருமாளைச் சேவிக்காமலே பஸ் ஏறினேன். இன்னும் கோயிலுக்குப் போகவில்லை. இந்தக் கோபத்தோடு போய் நின்றால் அது சேவை ஆகாது.

மைசூர் மண்டி மொஹல்லாவில் நம் சந்துக்காரர்களான உங்களுக்கு மாவு மில் பாக்கியத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டாம். ஹனூர்ப் பக்கத்துப் பெண். இருபத்திரண்டு வருடம் மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசிக் குரல் அப்படி ஆகிவிட்டது. ரகசியம் சொன்னாலும் சந்து முனைக்குக் கேட்கும். நீங்கள் கட்டியிருக்கும் அஞ்சலி ஃப்ளெக்ஸில் 'இனிமையாகப் பேசும் எங்கள் அம்மா' என்று போட்டிருக்கிறது. யாரிடம் இனிமையாகப் பேசினாள்? அவள் கத்துகிறாள் என்று போலீசுக்குப் போவேன் என்றவர் பெயரும் அதன் அடியில் இருக்கிறது.

இரண்டு வருடம் முன்பு, மார்கழியில், நள்ளிரவு தாண்டி என் வீட்டுக்காரருக்கு நெஞ்சைப் பிடித்தது. "கேஸ் டிரபிள்தான்" என்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முரளி நைட் ஷிஃப்ட் போயிருந்தான். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். விளக்கேற்றி ஸ்லோகம் சொல்ல உட்கார்ந்துவிட்டேன். எதிர் மாடியிலிருந்து வெளிச்சத்தைப் பார்த்து பாக்கியம் வந்தாள். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சாமி கூடவே வருமுங்க்கா. நீங்க செருப்பப் போடுங்க."

அவளே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அது வந்து சந்து முனையிலேயே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் ஹேண்டில் லாக் போட்ட வண்டிகள். பாக்கியம் நடுச்சந்தில் நின்று தமிழில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை கத்தினாள்: "வண்டிய எடுங்கடா! காடி தெகீரி!" எல்லாக் கதவும் திறந்தது. ஒருவர் அவசரத்தில் மனைவியின் நைட்டியைத் துண்டாகத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். நாலு பேர் இவரை நாற்காலியோடு தூக்கினார்கள்.

"அண்ணா, கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா இருங்க. சாமி புறப்பாடுன்னு யாராச்சும் கும்புடப் போறாங்க" என்றாள்.

"கும்பிட்டு தீர்த்தம் கேட்டா? வேர்வைதான் இருக்கு" என்றார் இவர்.

தூக்கியவர்கள் சிரித்ததில் நாற்காலி ஆடியது. நான் அழுதுகொண்டே சிரித்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், "ஏம்மா கத்துறீங்க?" என்று அதட்டினார். "கத்தலைங்க டாக்டர், பேசிட்டிருக்கேன். கத்திக் காட்டட்டுங்களா?" என்றாள். இவர் பிழைத்தார்.

அதன் பிறகு தினமும் இரவு ஒன்பது மணிக்கு வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தாள். "ஒரு பக்கம் விடுங்க. ஒரு ஆளு படுத்துட்டுப் போற அளவுக்கு விட்டாப் போதும்." ஒரு மாதம் விட்டீர்கள். விட்டோம். பிறகு மழை, மாடு, வண்டி திருட்டு என்று ஆளுக்கொரு காரணம்.

நாங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியிருந்த அந்த ராத்திரி பாக்கியத்துக்கு வாய் கோணியது, வலது கை விழுந்தது. சந்து முழுவதையும் எழுப்பக்கூடிய ஒரே குரல் அதுதான், அதுவே போய்விட்டது. அவள் மகள் கவிதா கதவு கதவாகத் தட்டினாளாம். "யார் வண்டின்னு தெரியலியே" என்று உள்ளிருந்தே பதில் சொன்னார்களாம். சந்து முனையில் ஆம்புலன்ஸ் முக்கால் மணி நேரம் நின்றதாம். கடைசியில் டிரைவரும் கவிதாவும் போர்வையில் போட்டு வண்டிகளுக்கு மேலாகத் தூக்கிப் போயிருக்கிறார்கள். வழியெல்லாம் பாக்கியம் "வ... வ..." என்றாளாம். "வலிக்குதுன்னு சொல்ல வந்தாங்க ஆன்ட்டி" என்கிறாள் கவிதா. இல்லையம்மா. வண்டி என்று சொல்ல வந்தாள்.

வீட்டில் உப்பு முதல் கற்பூரம் வரை கணக்கு வைப்பவள் நான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சந்தில் நின்ற வண்டிகளை எண்ணினேன். பதினேழு. ஒன்பதாவது முரளியுடையது. "காதுல இயர்போன்மா. கேட்டிருந்தா எடுத்திருப்பேன்" என்கிறான். அவள் நாலு பேரைத் தூக்க வைத்ததால் பிழைத்த மனிதரின் வீட்டு வண்டி அது. உங்கள்மேல் உள்ள கோபத்தில் பாதியை எனக்கே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நல்ல மனசு, கைராசி என்று ஆளுக்கொன்று சொல்கிறீர்கள். நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த வெட்கமில்லாத தொண்டையை. நேற்று இரவு ஒன்பது மணிக்கு முரளியை எழுப்பி முதலில் எங்கள் வண்டியை எடுக்க வைத்தேன். பிறகு முனை வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த மனிதர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.

"ஏன்ரீ, பாக்கியம்மா போனப்புறமாவது நிம்மதியா தூங்கலாம்னு பார்த்தா, நீங்க ஆரம்பிச்சுட்டீங்களா?"

"ஆரம்பிச்சுட்டேன். சாவியக் கொண்டு வாங்க" என்றேன். நான் சாதாரணமாகப் பேசியதாகத்தான் நினைத்தேன். சந்தில் நாலு ஜன்னல் திறந்தது.