ஜதுர்ஷி கொம்பனிக்குப் பேர் வந்த கதை

குலசேகரத்தாருக்கு வயிறு எரிய ஒரு சார்ஜர் போதும். லண்டன் அப்டன் பார்க் கடைகளில் தொங்கும் அந்தச் சின்னப் பெட்டியில் 'ஜதுர்ஷி' என்று பச்சை எழுத்தில் இருக்கும். துபாய்க்குப் போனாலும் அதுதான், டொரோண்டோவுக்குப் போனாலும் அதுதான். அந்தப் பேருக்குச் சொந்தக்காரி ஜதுர்ஷிகா, அவருடைய கூட்டாளி லோகனின் மகள். கொம்பனியில் இருவருக்கும் சரிபாதிப் பங்கு. பேர் மட்டும் முழுக்க லோகன் வீட்டுக்கு. தன் மகன் யனுஷனின் பேரை அவன் வகுப்பு ஆசிரியரைத் தவிர ஒருத்தரும் அறியமாட்டார்களே என்று மனிதர் பொருமுவார்.

உள்ளதைச் சொன்னால், அந்தப் பேர் வரக் காரணமே அவர்தான். இரண்டாயிரமாம் ஆண்டு, ஒரு கடையின் பின்னறையில் இருவரும் பாகங்களைப் பூட்டிச் சார்ஜர் செய்யத் தொடங்கியபோது, எந்தப் பிள்ளையின் பேரை வைப்பது என்று கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். சிவப்புப் பூ வந்தால் ஜதுர்ஷிகா, வெள்ளை வந்தால் யனுஷன். இரண்டு பொட்டலத்தையும் கட்டியவர் குலசேகரத்தார். இந்த வியாபாரம் ஆறு மாதமும் தாங்காது, தன் பிள்ளையின் பேர் குப்பைத்தொட்டியில் கிடக்கக்கூடாது என்று நினைத்து, இரண்டிலும் சிவப்பையே வைத்துக் கட்டிவிட்டார். ஐயர் ஒன்றை எடுத்தார். மற்றதை இவர் சத்தமில்லாமல் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வியாபாரமோ பிய்த்துக்கொண்டு போனது.

ஏழு வருடம் வெந்தபிறகு, புதிதாக வரப்போகிற ரேடியோவுக்காவது மகனின் பேர் வேண்டுமென்று வாய்விட்டே கேட்டார்.

"கலாவதி தன்ர பேரை வைக்கச் சொல்லி நிக்கிறா, அண்ணை" என்றான் லோகன். கலாவதி அவன் மனைவி. "திரும்பவும் பூக்கட்டிப் பாப்பம். போனமுறை நீங்கள் கட்டினியள், இந்தமுறை நான் கட்டுறன்."

தான் செய்த வேலையை அவனும் செய்துவிடுவானோ என்று குலசேகரத்தார் பயந்தார். வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை.

இந்தமுறை சிவப்பு என்றால் கலாவதி, வெள்ளை என்றால் யனுஷன். கோயிலில் ஐயர் எடுத்த பொட்டலத்தில் சிவப்புப் பூ. கலாவதியின் பேர்.

"மற்றதையும் பிரியுங்கோ ஐயா!" என்று கத்தினார் குலசேகரத்தார். நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. "அதிலையும் சிவப்புத்தான் இருக்கும். நான் கட்டினதும் அப்பிடித்தானே!"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது.

ஐயர் பிரித்தார். உள்ளே வெள்ளைப் பூ.

லோகன் பூவைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"ரேடியோவுக்கு யனுஷன்ர பேரையே வைப்பம், அண்ணை" என்றான்.

கேட்டது கிடைத்துவிட்டது. இவனால் மட்டும் எப்படி இவ்வளவு நல்லவனாக இருக்க முடிகிறது என்று அதற்கும் குலசேகரத்தாருக்கு வயிறு எரிந்தது.