அத்தையின் ஆஸ்பத்திரிக் காகிதம்

கொலு நெருங்கினால் விருத்தாசலத்தில் எங்கள் தெருவில் பழைய காகிதத்துக்குத் தனி மரியாதை வந்துவிடும். பீங்கான் பொம்மைப் பட்டறைகளில் பெட்டி கட்டும் வேலை மும்முரமாக நடக்கும். வெளியூர் போகும் பொம்மை உடையாமலிருக்க ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றவேண்டும். கை நிறையக் காகிதம் கொண்டுபோகும் பிள்ளைகளுக்கு மூக்கோ வாலோ உடைந்த பொம்மை ஒன்று கிடைக்கும். நான்காம் வகுப்புப் படித்த எனக்கு ஒரு கிளி வேண்டியிருந்தது.

என் பழைய நோட்டுகள் போதவில்லை. அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடுதான் இருந்தாள். வேறொரு பட்டறையில், காய்ந்த பொம்மைகளின் பிசிறைச் சுரண்டும் வேலை. அவளுடைய டிரங்குப் பெட்டியில், புடவைகளுக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் காகிதம் இருந்தது. அவ்வளவு பத்திரமாக ஒளித்து வைத்ததை வேண்டாத காகிதம் என்று முடிவு செய்த என் புத்தியை என்ன சொல்ல!

பையோடு தூக்கிக்கொண்டு எங்கள் தெருப் பட்டறைக்கு ஓடினேன். அங்கே பெட்டி கட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா ஒரு தாளைச் சுருட்டப்போய் நிறுத்தினார்.

“உங்க அத்தை பேரு தமிழ்ல போட்டிருக்குது. மீதியெல்லாம் இங்கிலீஷா இருக்குது, படி பாப்போம்.”

எழுத்துக் கூட்டிப் படிப்பதில் எனக்கு அப்போது பெரிய பெருமை. அத்தையின் பெயர், வயது, எங்கள் தெரு எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தேன். டி, பி என்ற இரண்டு எழுத்துகள் வந்ததும் சுற்றியிருந்த பெண்களின் கைகள் நின்றன.

“டி.பி.யா? அதான் மாசாமாசம் பஸ்ஸு ஏறி வெளியூரு ஆஸ்பத்திரிக்குப் போனாளா?”

சிகிச்சை முடிந்தது, நோய் குணமாகிவிட்டது என்று கீழே எழுதியிருந்தது. அதையும் படித்தேன். எனக்கு அர்த்தம் தெரியவில்லை, அவர்கள் கேட்கவுமில்லை. கிளி கிடைத்தது.

எதிர்வீட்டு அக்கா கெட்டவர் இல்லை. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்த தன் நாத்தனாரிடம் போனில் பேசும்போது சொன்னார், அவ்வளவுதான். அந்த ஊரில்தான் அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்து, நிச்சயத்துக்கு நாளும் குறித்திருந்தார்கள். மூன்றாம் நாள் தரகர் வந்தார்.

“அவுங்க வேணாங்கறாங்க. மறைச்சுட்டீங்கன்னு வருத்தப்படறாங்க.”

அம்மா கொடுத்த டீயைத் தொடாமலே போய்விட்டார். அத்தை வேலை பார்த்த பட்டறையிலும் அவள் தண்ணீர் குடிக்கும் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார்கள்.

“அவருகிட்ட நானே சொல்லணும்னு இருந்தேண்ணே. நிச்சயத்துக்கு முன்னாடி, என் வாயால,” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அத்தை அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“அந்தக் காயிதம் எப்படி வூட்ட வுட்டு வெளிய போச்சு?” என்று அப்பா கத்தினார்.

கிளியைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். அத்தை என்னைப் பார்த்தாள். பாவாடையையும் பார்த்தாள்.

“நான்தான் பழைய பேப்பரோட சேத்துப் போட்டுட்டேன்,” என்றாள்.

அவள் அழுதுகொண்டிருந்தும் அப்பா அவளைத்தான் திட்டித் தீர்த்தார்.

நான்கு வருடம் கழித்து அத்தைக்கு நல்லூர்ப் பக்கம் கல்யாணமானது. அந்த மாமாவிடம் முதல் நாளே அவளே சொல்லிவிட்டாளாம். நான் இப்போது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். முடிவுகளை உறையில் போட்டு ஒட்டி, உரியவர் கையில் மட்டுமே கொடுப்பேன். புருஷன் வந்து கேட்டாலும் சரி, பெற்ற தாய் வந்து கேட்டாலும் சரி. ரொம்பக் கறார் என்று எனக்குப் பெயர்.

அன்று திட்டு என் மேல் விழாததில் எனக்கு ஒரே நிம்மதி. பாவம், அத்தை தானே போட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்றுகூட எண்ணினேன். அவளுடைய நோயை நான் ஊருக்கே படித்துக் காட்டியிருந்தேன். என் தப்பை அவள் இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.