மீட்டர் மிஷினில் கை வைத்தது யார்

ஷார்ஜாவிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் என்ன இருக்கும் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். சோப்பு, சென்ட், தலைவலித் தைலம், பால்பவுடர். என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, திருத்தங்கலில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது அவருடைய பெட்டியை ஆட்டோக்காரரும் ஒரு பக்கம் பிடிக்க வேண்டியிருந்தது. மஞ்சள் நைலான் கயிற்றை அறுத்து, தெர்மாகோலை எடுத்துப் போட்டால், உள்ளே ரம்பம்.

"அக்கா வீட்டுக்கு வாரவன் பழம் வாங்கிட்டு வருவான். இவன் ரம்பம் வாங்கிட்டு வந்திருக்கான்" என்றார் அப்பா. மாமாவுக்குக் கேட்கட்டும் என்று சொல்லவில்லை. கேட்கக் கூடாது என்றும் சொல்லவில்லை.

அப்பா சாமி படங்களுக்குப் பிரேம் போடுகிறவர். மல்லாங்கிணறு பக்கம் மழையை நம்பிக் கிடந்த காட்டு வேலையை விட்டுவிட்டு வந்து இந்தத் தொழிலைப் பிடித்தார். சுற்றிலும் அச்சகங்கள். அவை அடித்துத் தள்ளுகிற முருகனையும் லட்சுமியையும் யாராவது கண்ணாடிக்குள் அடைத்துத்தானே ஆக வேண்டும். வீட்டின் முன்னறைதான் கடை. இரவில் கண்ணாடிகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, நானும் அங்கேயே ஒரு மூலையில் பாய் விரித்துக்கொள்வேன். அப்பா பிரேமுக்கான பீடிங் கட்டைகளைப் பள்ளம் வெட்டிய ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துக் கைரம்பத்தால் சாய்வாக அறுப்பார். மூலைகள் சரியாகச் சேராத இடத்தில் மெழுகையும் மரத்தூளையும் குழைத்து அடைப்பார். அந்த அடைப்பில் அவர் கெட்டிக்காரர்.

மாமா கொண்டுவந்ததன் பெயர் காம்பவுண்ட் மைட்டர் சா. அப்பா முதல் நாளே அதை மீட்டர் மிஷின் ஆக்கிவிட்டார். அடியில் வட்டமான இரும்புத் தட்டு, அதில் டிகிரி கோடுகள். தட்டை இடமும் வலமும் திருப்பலாம். மேலே இருக்கிற தலையைப் பக்கவாட்டில் சாய்க்கவும் செய்யலாம். இரண்டு சாய்வும் ஒரே வெட்டில் விழும். தலைக்குள் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ரம்பச் சக்கரம். அதன் மேல் தானாக மூடித் திறக்கும் பிளாஸ்டிக் மூடி.

முதல் நாள் முழுக்க மாமா பிளக்கையே மாட்டவில்லை. கனமான மேஜையில் மிஷினை நான்கு போல்ட் போட்டு இறுக்கினார். நீளக் கட்டை தொங்காமல் இருக்க இரண்டு பக்கமும் அதே உயரத்துக்குப் பலகை கட்டினார். கட்டையைச் சாத்தி வைக்கிற முதுகுத் தகட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் மூலைமட்டத்தை வைத்துக் குனிந்து குனிந்து பார்த்தார், ஸ்குருவைத் தளர்த்தினார், மறுபடி பார்த்தார். அப்பா கைரம்பத்தில் அறுத்துக்கொண்டே இதையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்தபடி இருந்தார்.

பிறகு மாமாவின் சட்டதிட்டங்கள் வந்தன. தோளில் துண்டு கூடாது. கையில் கயிறு கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் கிட்டே வரக் கூடாது. சக்கரத்திலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் கை. சின்னத் துண்டைக் கையால் பிடிக்காமல் கிளாம்பில் கடிக்க விட வேண்டும். சுவிட்சை அமுக்கியதும் வெட்டக் கூடாது. முழு வேகம் வந்த சத்தம் கேட்ட பிறகே தலையை இறக்க வேண்டும். வெட்டி முடித்ததும் சுவிட்சை விட்டு, சக்கரம் நின்ற பிறகே தலையைத் தூக்க வேண்டும். எதைத் திருகுவதானாலும் முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். கரண்ட் போனாலும் அப்படித்தான்.

"எத்தன வருசமா ரம்பம் பிடிக்கிறவன் நானு" என்றார் அப்பா.

"அது நீங்க தள்ளுனாத்தான் ஓடும் மச்சான். இது தானா ஓடும்" என்றார் மாமா.

முதல் பிரேமை அடித்து முடித்ததும் அப்பா அதை வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து மூலை மூலையாக இடுக்குத் தேடினார். இல்லை. அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. அன்று மாலை அம்மாவிடம் தாழ்ந்த குரலில், "ஒந்தம்பி திரும்ப ஷார்ஜா போற மாதிரி தெரியல. கடைக்குப் போர்டு மாத்தத்தான் வந்திருக்கான்" என்றார்.

அம்மா ஆனைக்குட்டம் போகிற சாலையில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு மருந்து அடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். தீபாவளி சீசன் என்பதால் விடியும் முன்பே வேன் வந்துவிடும். அவள் அந்த மிஷினைப் பற்றிக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். ஓடும்போது மோட்டாரின் ஓட்டைகள் வழியாக உள்ளே நீலமாகப் பொறி பறப்பதைக் காட்டி, "ஏலே, அது என்ன நெருப்பு?" என்றாள். எல்லா மோட்டாருக்குள்ளும் அப்படித்தான் என்றார் மாமா. அவள் தலையாட்டினாள்.

ஒரு அச்சக முதலாளி, தீபாவளிக்கு வியாபாரிகளுக்குக் கொடுக்க லட்சுமி படங்கள் பிரேம் போடச் சொல்லி ஆர்டர் கொடுத்தார். அதுவரை அப்பா பார்க்காத பெரிய ஆர்டர். அதற்குப் பிறகுதான் மிஷின் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது.

ஒரு காலையில் அறுத்த கட்டைகள் எதுவும் சேரவில்லை. மூலைக்கு மூலை இடைவெளி. மாமா பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தார். முதுகுத் தகட்டின் ஸ்குரு தளர்ந்திருந்தது. "நான் நல்லா இறுக்கிருந்தேனே" என்று அப்பாவைப் பார்த்தார். அப்பா மாமாவைப் பார்த்தார்.

அடுத்து, பிளக்கை நம் ஊர் சுவரில் மாட்ட ஒரு கன்வர்டர் கட்டை வைத்திருந்தார் மாமா. ஷார்ஜா பிளக்குக்கு சதுரக் கால். அந்தக் கன்வர்டர் காணாமல் போனது. மாமா ஒயரை வெட்டி நம் ஊர் பிளக்கையே மாட்டிவிட்டார். ஓரிரு நாளில் சக்கரத்தைக் கழற்றி மாட்டுகிற சாவி காணாமல் போனது.

வீட்டில் பேச்சு குறைந்தது. தன் மிஷின் வந்து கடை வளர்வது பிடிக்காமல் அப்பாவே இதைச் செய்கிறார் என்று மாமா நினைத்தார். தான் இல்லாமல் எதுவும் ஓடாது என்று காட்டவே மாமா ஒளித்து வைத்துக் கண்டுபிடிக்கிறார் என்று அப்பா நினைத்தார். இருவரும் சாப்பிடும்போது எதிரெதிரே உட்காராமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தார்கள். இருவரும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்றுதான்: நானாகவும் இருக்கலாம். அப்பா என் பள்ளிக்கூடப் பையைத் தரையில் கொட்டிப் பார்த்தார். ஜியாமெட்ரி பாக்ஸைக்கூடத் திறந்து பார்த்தார்.

அந்த அவமானம் என்னால் தாங்க முடியவில்லை. திருடனைப் பிடித்துக் கொடுப்பதென்று முடிவு செய்தேன். யாரும் இல்லாத நேரத்தில் மிஷினை ஒவ்வொரு இடமாகப் பார்த்தேன். தகட்டின் அடியில், கறுப்பு ஸ்குருவின் தலையில், ஏதோ வெள்ளியாக மினுங்கியது. விரல் பதிந்த தடம். அதை எங்கே பார்த்திருக்கிறேன் என்று யோசிக்க வேண்டியே இருக்கவில்லை. எங்கள் வீட்டுத் தண்ணீர்ச் செம்பிலும் சுவிட்சிலும், அம்மா பின்னிவிட்ட என் சடையிலும் அந்த மினுக்கம் இருந்தது. மத்தாப்பு மருந்து. எத்தனை சோப்பு போட்டாலும் அம்மா கையை விட்டுப் போகாது. வீடு முழுக்க அது இருந்ததால்தான் மற்ற இருவர் கண்ணிலும் படவில்லை.

ஆனாலும் நம்பவில்லை. அம்மா மிஷினைத் துடைத்திருக்கலாம் அல்லவா. மறுநாள் விடியும் முன்பே கண்ணை இடுக்கிக்கொண்டு பாயிலேயே படுத்திருந்தேன். அம்மா குளித்து, சீவி, தூக்குவாளியைக் கையில் எடுத்தாள். வாசலுக்குப் போகவில்லை. மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். முந்தானையிலிருந்து காணாமல் போன சாவியை எடுத்தாள். மாமா ஒரு தரம் சக்கரத்தைக் கழற்றித் துடைத்ததை அவள் எப்போது பார்த்தாள் என்று தெரியவில்லை. அவரைப் போலவே மூடியை விலக்கி, பின்னாலிருந்த பொத்தானை அமுக்கிப் பிடித்து, நடுப் போல்ட்டில் சாவியை மாட்டினாள். இந்தப் பக்கம் திருப்பினாள். வரவில்லை. அந்தப் பக்கம் திருப்பினாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ஏதோ இளகியது. அதற்குள் வேன் ஹாரன் அடித்தது. மூடியைப் பழையபடி விட்டுவிட்டு, சாவியை அடுப்படியில் எங்கோ போட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

அன்று மாமா புதுச் சாவி வாங்கச் சிவகாசிக்குப் போனார். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்காமல் அவர் ஒரு நாளும் வேலை தொடங்கியதில்லை. அப்பாவுக்கு அந்தப் பழக்கம் எரிச்சல். மாமா இல்லாத நேரத்தில் நிறைய வேலையை முடித்துக் காட்ட வேண்டும் என்ற வேகம் வேறு. கட்டையை எடுத்து வைத்துவிட்டுப் பிளக்கை மாட்டினார்.

"அப்பா, போடாதீக" என்றேன்.

"ஏன்? நீ என்ன பண்ணுன?"

நான் பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

"குடு இங்கன."

"மாமா வரட்டும்."

அது தப்பான பதில். அப்பாவின் முகம் மாறியது. "அவஞ் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்கானா? கடைய முடக்க ரெண்டு பேரும் சேந்துட்டீகளா?" என்று கையை நீட்டிக்கொண்டு வந்தார். வேறு வழியில்லாமல் சொன்னேன், காலையில் அம்மா தொட்டதைப் பார்த்தேன் என்று. அவர் சிரித்தார். "ஒங்கம்மாவுக்கு அது எந்தப் பக்கம் ஓடும்னுகூடத் தெரியாது. பொய் சொன்னாலும் பொருத்தமாச் சொல்லணும் தாயி."

நான் பிளக்கை விடவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் மாமா வந்துவிட்டார். நான் சொன்னதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. மூடியை விலக்கி இரண்டு விரலால் சக்கரத்தைத் தொட்டார். விழப்போகிற பல்லைப் போல அது ஆடியது.

"மச்சான், இத ஓட விட்டிருந்தா" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. அப்பா நின்றிருந்த இடத்தையும் நான் உட்கார்ந்திருந்த இடத்தையும் பார்த்தார். அன்று பிரேம் எதுவும் போடவில்லை. இருவரும் வாசலில் அம்மாவுக்காகக் காத்திருந்தார்கள். பல நாட்களுக்குப் பிறகு ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மா வந்து கைகால் கழுவிய பிறகு அப்பா கேட்டார். அவள் மறுக்கவில்லை. அரிசிப் பானைக்குள்ளிருந்து கன்வர்டரை எடுத்து வைத்தாள். அதே பானைக்குள்ளிருந்து சாவியையும் எடுத்து வைத்தாள்.

"எதுக்கு இப்பிடிப் பண்ணுன?"

"அதுக்குள்ள நெருப்பு தெரியுது."

மாமா மறுபடி மோட்டாரைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். "எங்க ஷெட்டுல ஒரு ஆணி கீழ விழுந்தா போர்மேன் எல்லாரையும் வெளிய அனுப்பிருவாரு. செல்போன கேட்டுலயே வாங்கி வச்சிக்கிருவாக. செருப்புக்கூட உள்ள போகாது. இங்கன என்னடான்னா இரும்பு சுத்துது, பொறி பறக்குது, கீழ பூரா மரத்தூளு, பக்கத்துல புள்ள படுத்திருக்கா. எம்புட்டு தைரியமா இருக்கீக. ஒரு எடத்துல இருந்தாப் பத்தாதா? வீட்டுக்குள்ளயும் வேணுமா?"

மாமா அவளை மிஷின் பக்கம் அழைத்துப் போனார். "இந்தப் போல்ட்டுக்கு மரை தலைகீழா இருக்கு அக்கா. இறுக்குற பக்கம் திருப்புனா கழலும். நீ கழட்டிப் பாதில விட்டுட்டுப் போயிட்ட" என்று சொல்லி, ஆடுகிற சக்கரத்தைத் தொட்டுக் காட்டினார். அம்மா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அவளே மாமாவை எழுப்பினாள். போல்ட்டை எந்தப் பக்கம் இறுக்குவது, மூடி ஒழுங்காக விழுகிறதா, எந்த ஸ்குரு தளரக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த மிஷினுக்கு அவள்தான் போர்மேன். ஒரு வாளி மணலும் ஒரு வாளித் தண்ணீரும் பக்கத்தில் வந்தன. தரையில் தூள் சேரக் கூடாது. என் பாய் அடுப்படிக்கு மாறியது. அவள் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகாமல் பிளக்கை யாரும் தொடக் கூடாது. ஒரு நாள் துண்டோடு மிஷின் முன் நின்ற அப்பாவை அவள் பார்த்த பார்வையில் துண்டு தானாக ஆணிக்குப் போய்விட்டது.

ஆர்டர் தீபாவளிக்கு முன்பே முடிந்தது. கடைக்கு யாரும் போர்டு மாற்றவில்லை. பொங்கல் கழிந்ததும் மாமா மிஷினை எங்களிடமே விட்டுவிட்டு ஷார்ஜாவுக்குத் திரும்பினார்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அப்பாவிடம் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. முன்பெல்லாம் அம்மா வேலைக்குப் போகும் நேரத்தில் அவர் போர்வைக்குள் இருப்பார். இப்போது எழுந்துவிடுவார். அம்மா மிஷினைச் சோதித்து முடிக்கும்வரை அதைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். அவளோடு வாசல்வரை நடப்பார். வேன் கிளம்பி, அச்சகத்து முக்கில் திரும்பி மறைந்த பிறகும் அங்கேயே நிற்பார். மாலையில் ஹாரன் சத்தம் கொஞ்சம் தாமதமானால், ஓடுகிற மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வருவார்.

அவள் இனிமேல் எதையும் கழற்ற மாட்டாள் என்று எனக்குத் தெரியும். இருந்தும் அப்பாவுக்கு அவள் மேல் சந்தேகம் தீரவில்லையே என்று வெகு நாள்வரை நான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.